சக்கர வீடும் என்னோட வீடும்

தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, உங்க போனை எட்டிப் பார்க்கோணும்னு பார்க்கல. பக்கத்துல உட்கார்ந்தா கண்ணு அங்கதான் போகுது. ரெடிமேட் வீடுதானுங்களே அது? வெள்ளையா, ஓடு போட்டாப்பல சாய்ஞ்ச கூரையோட? வாங்கறீங்களா?

வாங்குங்க. வேண்டாம்னு சொல்ல நான் ஆரு? ஆனா காசைக் குடுக்கறதுக்கு முந்தி குனிஞ்சு அடியில பாருங்க. சுவரைப் பார்க்காதீங்க, கூரையைப் பார்க்காதீங்க, அதெல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடியில இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் இரும்புச் சட்டம் ஓடுச்சுன்னா அது வண்டி. கான்கிரீட் அஸ்திவாரம் இருந்துச்சுன்னா அது வீடு. அவ்வளவுதானுங்க விசயம். இதைச் சொன்னா ஊர்ல ஒருத்தருக்கும் ஏற மாட்டேங்குது. ரெண்டும் ரெடிமேடுதானே அக்காம்பாங்க. ரெண்டும் ஒண்ணா? சொல்லுங்க, ஒண்ணா?

நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? அப்பச் சரி. நான் காட்டுப்புதூர் பிரிவுல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

என்ற பேரு வேலாத்தாள். எங்கூட்டுக்காரர் நாச்சிமுத்து தவறி ஆறு வருசமாச்சுங்க. அவரு மூத்தவரு. எளையவரு சென்னியப்பன், என்ற கொழுந்தனாரு. கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனிக்கு றெக்கை ஏத்திட்டுப் போகுமே, நீட்ட லாரி, பார்த்திருப்பீங்க, அதை ஓட்டறவரு. அவரு பொண்டாட்டி துளசிமணி. எங்க மாமனாரு வீடு ஒரு ஐப்பசி மழையில உட்கார்ந்துபோச்சு. அப்பறம் இடத்தை ரெண்டாப் பிரிச்சோம். ரோட்டோரமா எனக்குப் பாதி, அவங்களுக்குப் பாதி. பின்னாடி தென்னந்தோப்பும் அதே மாதிரி பாதி பாதி.

அவங்க முதல்ல வீடு போட்டாங்க. போட்டாங்கன்னு சொல்றதே தப்பு. கொண்டுவந்து நிறுத்தினாங்க. காத்தாடி வேலை நடக்கற இடத்துல ஆபீசருங்க தங்கறதுக்குன்னு கம்பெனியில முழுசாச் செஞ்ச வீடு. ரெண்டு ரூம்பு, சமையக்கட்டு, கக்கூஸ், ஃபேன், லைட்டு, எல்லாம் அங்கயே மாட்டி, இரும்புச் சட்டத்து மேல உட்கார வெச்சு, கீழ சக்கரம் போட்டு வந்துச்சுங்க. வேலை முடிஞ்சு கம்பெனிக்காரங்க வித்தாங்க, கொழுந்தனாரு வாங்கிட்டாரு. காலையில ரோட்டுல வந்துச்சு, சாயங்காலம் துளசிமணி அதுல சோறாக்கிட்டா. சக்கரத்தைக் கழட்டிக் கொட்டாயில போட்டுட்டு, கல்லு மேல வீட்டை நிறுத்திட்டாங்க. சுத்தியும் தகரம் அடிச்சு அடியை மறைச்சாச்சு. முன்னாடி இழுக்கற கொக்கி ஒண்ணு நீட்டிட்டு நிக்கும். அது மேல மல்லிகைக் கொடியைப் படர விட்டா. கெட்டிக்காரி.

அப்பறம் என்ற பையன் எனக்குப் பண்ணினான். தரணிதரன்னு பேரு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. கொத்தனாரு பின்னாடி நின்னு வேலை வாங்க அவனுக்கு லீவு கிடைக்காதுங்க. அதனால கோயமுத்தூர் பக்கத்துல ஒரு கம்பெனியில சொல்லி, மாடுலர் வீடு. துண்டு துண்டா அங்க பண்ணி, இங்க கான்கிரீட்ல அஸ்திவாரம் போட்டு, கிரேன்ல எறக்கிச் சேர்த்து, போல்ட்டுப் போட்டு முறுக்கி, இடுக்கெல்லாம் பூசி. ஆசாரத்துல, அதானுங்க முன் கூடம், மேல பார்த்தீங்கன்னா ரெண்டு துண்டு சேர்ற இடம் கோடு மாதிரித் தெரியும். வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டுவேன். அஸ்திவாரத்தையும் காட்டுவேன். கட்டடம்னா அதுங்க.

ஆனா வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் வெள்ளை, ரெண்டுக்கும் சாய்ஞ்ச கூரை. ரோட்டுல போறவங்க ரெட்டை வீடுன்னே பேரு வெச்சுட்டாங்க. பால்காரரு, கேஸு போடறவரு, எல்லாருமே. "ரெட்டை வீட்டுல எந்த வீடுங்க?" எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அஸ்திவாரம் போட்டவ, தம்பி. அவளது கல்லு மேல நிக்கற வண்டி. அதனால நான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுவேன். "வண்டி வீடு அக்கட்டால இருக்கறது, இது மாடுலர் வீடு." அந்தப் பேரை நான் வெச்சேன்னு அப்பறம் ஒரு பேச்சு. நான் வெக்கலீங்க. சொன்னேன், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துல எவளோ துளசிமணியைப் பார்த்து, "வண்டி வீட்டுக்காரம்மா, வாங்க"ன்னு கூப்பிட்டுட்டாளாம். இவ சாப்பிடாம வந்துட்டா. உள்ளதைச் சொன்னா சாப்பாட்டு மேல என்ன கோவம்?

இருங்க, டிக்கெட்டு கேக்கறாங்க. நான் எடுத்தாச்சுங்க கண்டக்டரே, பஸ் ஸ்டேண்டுலயே எடுத்தாச்சு.

என்ன சொன்னேன்? ம். அப்பத்தான் ரோட்டை அகலம் பண்றாங்கன்னு வந்துச்சு. நாலு வழி. ரெண்டு வீடும் போகுது. தோப்பு மட்டும் மிச்சம். வீட்டுக்கு மதிப்புப் போடறதுக்கு ஒரு இன்ஜினியரம்மா வந்தாங்க, ரெஜினான்னு பேரு. ஸ்கூட்டியில வந்து, டேப்பைப் பிடிச்சு ரெண்டு வீட்டையும் அளந்தாங்க, போட்டோ எடுத்தாங்க. மரியாதையான பொம்பளை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அளந்து முடிச்சுட்டு, "ரெண்டு வீட்டையும் நகர்த்தக்கூடியதுன்னு எழுதியிருக்கேன்மா, ரோடு போடறவங்களே பின்னாடி தோப்புக்கு நகர்த்திக் குடுத்துருவாங்க, செலவு அவங்களது"ன்னாங்க.

எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல, அப்படியே சுர்ருன்னு ஏறிருச்சு.

"ரெண்டும் ஒண்ணா? எந்திரிங்கம்மா, வாங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். நேரா துளசிமணி வாசலுக்கு. "குனிஞ்சு பாருங்க"ன்னேன். அடியில மறைச்சிருந்த தகரத்தைப் பிடிச்சு இழுத்தேன், வந்துருச்சு. உள்ள இரும்புச் சட்டம் நீட்டமாப் படுத்திருக்குது. அச்சு மாட்டற இடம் தெரியுது. மல்லிகைக் கொடியை வாரி எடுத்தேன், கொக்கி. "இதென்னங்க? வீட்டுக்கு எதுக்குங்க கொக்கி?" அந்த நேரம் பார்த்து துளசிமணி காப்பியை டம்ளர்ல ஊத்தி எடுத்துட்டு வந்து நிக்கறா. இன்ஜினியரம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

"அக்கா, எதுக்குங்க அதைத் தூக்கறீங்க?"

அவ்வளவுதான் கேட்டா. நான், "உள்ளதைக் காட்டறேன், நீ எதுக்குப் பதறறே?"ன்னேன். காப்பியைக் குடிக்கலீங்க நான். அப்பறம் ரெஜினாம்மாவை என்ற வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அஸ்திவாரத்தைக் காட்டினேன், போல்ட்டைக் காட்டினேன், ஆசாரத்துக் கோட்டைக் காட்டினேன்.

அந்தம்மா பொறுமையாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "எனக்குத் தெரியும்மா. அவங்களது முழுசாச் செஞ்சு சட்டத்து மேலயே வந்தது. உங்களது துண்டுகளாச் செஞ்சு இங்க அஸ்திவாரத்துல சேர்த்தது. வேற வேறதான். விலை போடறதுன்னா ரெண்டுக்கும் வேற வேற கணக்குதான் போடோணும். ஆனா உங்க போல்ட்டையும் கழட்டலாம். தோப்புல புதுசா அஸ்திவாரம் போட்டு கிரேன்ல தூக்கி வெச்சா, இதே வீடு உங்களுக்கு அப்படியே கிடைக்கும். உங்களுக்கு நல்லதுன்னுதான் அப்படி எழுதினேன்"னாங்க.

"வேற வேறன்னு வாயில சொல்றீங்க, எழுத்துல ஒண்ணாத்தானே இருக்குது?"

"கட்டடம்னு எழுதினா இடிச்சுருவாங்கம்மா."

"இடிக்கட்டும். கட்டடத்தைத்தானே இடிப்பாங்க? வண்டியை ஆராச்சும் இடிப்பாங்களா?"

அந்தம்மா உடனே என்ற வீட்டை மாட்டின கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டாங்க. அவன், நகர்த்தலாம் மேடம், நாங்களே வந்து பண்ணிக் குடுக்கறோம்ங்கறான். அவனுக்கென்ன, வேலை வருது. "அசைக்கவே முடியாதுன்னு சொல்லித்தானேடா எங்கிட்ட வித்தீங்க? இப்ப நகரும்ங்கறியா?"ன்னு நான் ஒரு சத்தம் போட்டேன், வெச்சுட்டான்.

தரணிதரனும் போன்ல சொன்னான். "அம்மா, கட்டடம்னே எழுதச் சொல்லுங்க, இழப்பீடு நெறையா வரும். அதை வெச்சு தோப்புல இதைவிடப் பெருசாக் கட்டிக்கலாம்." அவன் படிச்சவனுங்க. அவனுக்குத் தெரியாததா? கட்டடம்னு எழுதிக் கொண்டுவந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடறப்பவும் ரெஜினாம்மா, "ஒரு வாரம் யோசிங்களேன்"னாங்க. நான் யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?

அப்பறம் ஒரு நாள், ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்லதான் வந்தாங்க. ஊரே கூடிப்போச்சு. முதல்ல அவங்களது. ஜாக்கி வெச்சுத் தூக்கி, கொட்டாயில கிடந்த சக்கரத்தை மாட்டி, கொக்கியில லாரியைப் பூட்டி, கொழுந்தனாரே ஓட்டினாரு. வீடு கிளம்புதுங்க. ஜன்னல்ல திரைத்துணி அப்படியே தொங்குது. உள்ள செவுத்துல காலண்டரு. அடுப்பு மேல இருந்த சட்டி கூட எறக்கலையாம், அப்பறம் சொன்னா. என்ற வாசலைத் தாண்டித் திரும்பி தோப்புக்குள்ள போச்சு. எல்லாரும் கைதட்டறாங்க. நான் சொன்னேன், "பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேனே வண்டின்னு!" ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. எல்லாரும் வீடு போறதைப் பார்த்துட்டு இருந்தாங்க.

பொறவு என்றதுக்கு ஜேசிபி வந்துச்சு.

நான் நகரவே இல்லீங்க. முன்னாடி நின்னேன். துளசிமணி வந்து, "வாங்கக்கா, பார்க்க வேண்டாம், வாங்க"ன்னு தோளைப் பிடிச்சா. உதறிப்போட்டேன். நான் எதுக்குப் பார்க்காம போகோணும்? முதல்ல ஆசாரத்து மூலையில கொத்தினான். வரல. இன்னொருக்காக் கொத்தினான். அந்த ஜேசிபிக்காரப் பையன் தலையை நீட்டி, "அம்மா, நல்லா ஸ்ட்ராங்காப் போட்டிருக்கீங்க, சீக்கிரத்துல வரமாட்டேங்குது"ன்னான். கேட்டீங்களா? அவன் தினமும் வீடு இடிக்கறவன். அவன் வாயில இருந்தே வந்துச்சு. "அது கட்டடம் கண்ணு, மெதுவாத்தான் வரும்"னு சொன்னேன். அன்னைக்கு அங்க நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னேன்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. இந்த பஸ்ஸுல நெம்பப் புழுதி.

இழப்பீடு வந்துச்சு. குறையில்லாம வந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். தரணிதரனுக்கு அங்க ஒரு ஃபிளாட்டு அமைஞ்சுது, நல்ல இடம், விட்டாக் கிடைக்காது. வந்த பணத்தை முதல்ல அதுக்குக் கட்டியிருக்கான். கையில காசு வந்ததும் தோப்புல வீடு கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கான். போன தையில சொன்னான், இந்தத் தையில கட்டாயம்னு. கட்டிருவான். அவன் ஃபிளாட்டுலயே வந்து இருக்கலாம்தான். ஒரே ஒரு தடவை போனேன். பத்தாவது மாடி. மருமக வேலைக்குப் போறவ, அவளுக்குத் தொந்தரவு எதுக்குன்னு அவனே சொன்னான். என்ற மேல அவனுக்கு அவ்வளவு அக்கறை.

இப்ப காங்கயத்துல வாடகைக்கு இருக்கறேன். லைன் வீடு. கட்டடந்தானுங்க, சுத்தமான செங்கல் கட்டடம். மேல சிமெண்டு ஷீட்டு, வெயில்ல கொஞ்சம் கொதிக்கும். தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டுக்காரரு ராத்திரி லைட்டு எரிஞ்சா வந்து கதவைத் தட்டுவாரு. மத்தபடி ஒரு குறையும் இல்ல.

துளசிமணி வருவா. வாரா வாரம் வர்றா. தேங்காய் கொண்டுவருவா, முருங்கக்கீரை கொண்டுவருவா. நான் வரச் சொல்லல, அவளா வர்றா. ஒரு நாள் கொழுந்தனாரும் கூட வந்தாரு. எங்க பக்கம் அண்ணியை நங்கையான்னுதான் கூப்பிடுவாங்க. "நங்கையா, எதுக்குங்க இங்க கிடக்கறீங்க? அங்க ஒரு ரூம்பு சும்மாத்தான் கிடக்குது. வந்துருங்க"ன்னாரு.

"சக்கரத்து மேல நான் குடியிருக்க மாட்டேன்"னு சொல்லிப்போட்டேன்.

அவரு சிரிச்சாரு. "இப்ப சக்கரம் இல்லீங்க. கான்கிரீட் போட்டு, சட்டத்தை அதுல இறுக்கியாச்சு. பஞ்சாயத்துல கதவு நம்பரு குடுத்து வீட்டு வரியும் போட்டுட்டாங்க"ன்னு சொல்றாரு.

வீட்டு வரி! கேட்டீங்களா அநியாயத்தை? என்ற வீடு இருந்தப்ப நான் கட்டின அதே வரியை அவங்களும் கட்டறாங்க. அப்படின்னா நான் எதுக்குங்க அன்னைக்கு அத்தனை சத்தம் போட்டேன்? வண்டின்னு எழுதினதும் கவர்மெண்டு, வீடுன்னு வரி போடறதும் கவர்மெண்டா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மறு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். மனு குடுத்தேன். "அது வீடா, வண்டியா, ஆள் அனுப்பிப் பார்த்து ஏதாச்சும் ஒண்ணு எழுத்துல குடுங்க." அவ்வளவுதான் மனு.

அங்க இருந்த ஆபீசரு படிச்சுட்டு, "அம்மா, இதனால உங்களுக்கு என்ன பாதிப்பு?"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன பாதிப்பா? எனக்குப் பாதிப்பு இல்லாம காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிப்பேனா?

மனு குடுத்தது துளசிமணிக்குத் தெரியும். நானே சொல்லிட்டேன். முதுகுக்குப் பின்னாடி பண்ற பழக்கம் எனக்கு இல்ல. கோவிச்சுக்குவான்னு பார்த்தேன். அவ, "சரிங்கக்கா, வந்து பார்க்கட்டும். வீடுன்னு எழுதிட்டாங்கன்னா வந்துருவீங்களா?"ன்னா.

யோசிச்சுப் பார்த்தேன். வீடுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா அப்பறம் நான் முரண்டு பிடிக்கறது நல்லா இருக்காதுல்லீங்க? சட்டத்துக்குக் கட்டுப்பட்டவ நான். அப்ப வேணும்னா, ஒரு நாலு நாளைக்கு, இருந்து பார்க்கலாம். தை வர்ற வரைக்கும். வண்டின்னு எழுதினாங்கன்னா முடியாது. அது முடிஞ்ச கதை.

இன்னைக்குத்தான் பார்க்க வர்றாங்க. அதே ரெஜினாம்மாவைத்தான் அனுப்பறாங்களாம். போன்ல கேட்டேன், என்ன எழுதுவீங்கன்னு. "வந்தது எப்படியோ வந்ததும்மா, அது மாறாது. இப்ப எப்படி இருக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்"னாங்க. இப்படி ஒரு பதிலு. நல்லாப் பார்க்கச் சொல்லியிருக்கேன். அவசரப்படாம, நாலு பக்கமும் பார்த்து, உள்ள போயும் பார்க்கச் சொல்லியிருக்கேன். உள்ள ரூம்பு நல்ல காத்தோட்டமுங்க. போன வாரம் சும்மா எட்டிப் பார்த்தேன். கட்டில் ஒண்ணு போட்டு வெச்சிருக்கறா. ஆருக்குன்னு நான் கேக்கல.

பிரிவு வரப்போகுது. அங்க பாருங்க தம்பி, தென்னைக்கு நடுவுல வெள்ளையாத் தெரியுதே, அதுதான். ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சிருக்கறா. நல்லாத்தான் இருக்குது. வண்டின்னா நல்லா இருக்கக்கூடாதுன்னு இருக்குதா என்ன?

இதா, இப்ப பஸ்ஸு போகுதே, இந்த இடம் என்ற சமையக்கட்டு. அதுக்கு அக்கட்டால ஆசாரம். தாண்டிட்டோம்.

ஸ்கூட்டி நிக்குது. ரெஜினாம்மா வந்துட்டாங்க. துளசிமணி ரோட்டுக்கே வந்து நிக்கறா பாருங்க, இந்த வெயில்ல.

மேல இருக்கற பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. அது இல்லீங்க, பக்கத்துல. ரெண்டும் என்றதுதான். சீட்டுக்கு அடியில டிரங்குப் பெட்டி இருக்குது, அதையும் தள்ளி விடுங்க. மெதுவா, உள்ள எங்கூட்டுக்காரர் போட்டோ இருக்குது, கண்ணாடி போட்டது. டிரைவரு பக்கத்துல கேஸ் அடுப்பு இருக்குது, அதுக்கு லக்கேஜு போட்டிருக்கேன்.

எதுக்குச் சிரிக்கறீங்க? வீட்டைப் பார்க்கறதுக்குப் போறவ எதுக்கு இத்தனை சாமானோட போகோணும்னா? போகோணும். அவங்க என்ன எழுதப் போறாங்கன்னு எனக்கென்ன தெரியும்? வீடுன்னு எழுதிப்போட்டாங்கன்னா? மறுபடி காங்கயம் போய் இத்தனையும் தூக்கிட்டு வர எங்கூட ஆரு வருவாங்க, நீங்க வருவீங்களா?

கண்டக்டரே, விசில் ஊதாதீங்க! அடுப்பு இன்னும் எறங்கல!